ஜப்பானில் முதல் ரயில் பயணம்: 7 நாள் பாஸ் வாங்குவதா, தனித்தனி டிக்கெட்டா?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் 27 முதல் மே 7 வரை குடும்பத்துடன் ஜப்பான் செல்லலாம் என்று இருக்கிறோம். நான், என் கணவர், 9 வயது மகன், 71 வயதான என் மாமியார் என நால்வர். சிங்கப்பூரைத் தாண்டி இதுவரை நாங்கள் சென்றதில்லை. மாமியாருக்கு மூட்டுவலி உண்டு. மெதுவாக நடப்பார், படிக்கட்டு ஏற மாட்டார்.

டோக்கியோவுக்கு அருகிலுள்ள நரிதா விமான நிலையத்தில் இறங்கி டோக்கியோவில் நான்கு இரவு, மே 1 அன்று கியோட்டோவுக்குச் சென்று மூன்று இரவு, பிறகு ஹிரோஷிமாவில் ஓர் இரவு, ஒசாகாவில் ஓர் இரவு, மே 6 அன்று டோக்கியோவுக்குத் திரும்பி ஓர் இரவு, மறுநாள் நரிதாவிலிருந்து விமானம். விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. ஒசாகாவுக்கு அருகிலுள்ள கான்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்பினால் ஆளுக்கு ஏறத்தாழ 4,500 ரூபாய் கூடுதலாகக் காட்டுகிறது என்பதால் நரிதாவுக்கே போய் வர எண்ணினோம்.

நாடு முழுவதும் ஜே.ஆர். நிறுவன ரயில்களில் செல்ல உதவும் 7 நாள் ஜே.ஆர். பாஸ் பெரியவர்களுக்கு 50,000 யென், மகனுக்குப் பாதி. மொத்தம் 1,75,000 யென். யென்னுக்கு 58 பைசா என்று வைத்தாலும் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. பாதி விலைக்கு வாங்கியதாகப் பழைய பயணக் குறிப்புகளில் படித்ததால் மனம் ஒப்பவில்லை. சரி, தனித்தனியாக எடுத்துப் பார்ப்போம் என்று அதிவேக ரயிலான ஷிங்கன்சென்னின் முன்பதிவுத் தளத்தில் கணக்குத் தொடங்கினால், என் கார்டை மூன்று முறையும் ஏற்க மறுத்துவிட்டது. பாஸ் லாபமா, கார்டு ஏன் மறுக்கப்படுகிறது, மூன்று பெரிய சூட்கேஸ்களை ரயிலில் எங்கே வைப்பது என்பவைதான் என் சந்தேகங்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நகோயாவாசி எழுதியது:

வணக்கம் சகோதரி. பதினொரு ஆண்டுகளாக நகோயாவில் வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தே பழகிவிட்டது. பாஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் தேதிகள்தான் முதல் சிக்கல். ஏப்ரல் 29, மே 3, 4, 5 ஆகிய நாட்கள் இங்கே தேசிய விடுமுறைகள். இவற்றைச் சேர்த்துக் 'கோல்டன் வீக்' என்பார்கள். நம் ஊரில் பொங்கலுக்குக் கோயம்பேடு எப்படி இருக்குமோ அப்படித்தான் அந்த வாரம் ஷிங்கன்சென் நிலையங்கள் இருக்கும். விடுமுறைக்குச் சென்றவர்கள் டோக்கியோவுக்குத் திரும்பும் நெரிசலில்தான் உங்கள் ஒசாகா–டோக்கியோ பயணம் விழுகிறது. அந்த நாட்களில், ஷிங்கன்சென்னில் மிக வேகமான வகையான நொசோமி ரயில்கள் முழுவதும் முன்பதிவு இருக்கைகளாக மாற்றப்பட்டுவிடும். சாதாரண நாளைப் போல முன்பதிவில்லாத பெட்டியில் ஏறி உட்கார முடியாது. தங்கும் விடுதிகளின் கட்டணமும் ஏறியிருக்கும். பள்ளி ஜூனில்தானே திறக்கிறது? மே 10-க்குப் பிறகு புறப்பட முடியுமா என்று பாருங்கள். மழைக்காலம் பொதுவாக ஜூனில்தான் தொடங்கும்.

இனிப் பாஸ். நொசோமியில் முன்பதிவு இருக்கைக்கு, சாதாரண நாட்களில், டோக்கியோ–கியோட்டோ 14,170 யென். கியோட்டோ–ஹிரோஷிமா சுமார் 12,000. ஹிரோஷிமா–ஷின் ஒசாகா சுமார் 11,000. ஷின் ஒசாகா–டோக்கியோ 14,720. நரிதா எக்ஸ்பிரஸுக்கு சுமார் 3,000. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 55,000 என்பதால் 50,000 யென் பாஸ் லாபம் போலத் தோன்றும். ஆனால் அந்தப் பாஸில் நொசோமி அடங்காது. ஏறியே ஆக வேண்டும் என்றால் தனிக் கட்டணம் உண்டு, டோக்கியோ–கியோட்டோவுக்கு மட்டும் 4,960 யென். இருமுறை ஏறினாலே லாபம் கரைந்துவிடும். நீங்கள் படித்த பழைய குறிப்புகளும் பொய்யல்ல. 2023 செப்டம்பர் வரை இதே பாஸ் 29,650 யென்தான்.

என் கருத்தில், விமானத்தில் மிச்சம் பிடிக்கும் 4,500 ரூபாய்க்காக, 8,500 ரூபாய் ரயில் கட்டணம் கொடுத்து டோக்கியோவுக்குத் திரும்புகிறீர்கள். அதோடு அரை நாளும் மாமியாரின் முழங்காலும் செலவாகின்றன. டோக்கியோவில் இறங்கி கான்சாயில் ஏறுங்கள். டோக்கியோ–கியோட்டோவுக்குத் தனி டிக்கெட்; அதற்குப் பிறகு மேற்கு ஜப்பானின் 5 நாள் கான்சாய்–ஹிரோஷிமா வட்டாரப் பாஸ். நான் கடைசியாக விசாரித்தபோது அது 17,000 யென், குழந்தைக்குப் பாதி. ஷின் ஒசாகாவுக்கும் ஹிரோஷிமாவுக்கும் இடையே அதில் நொசோமியிலும் ஏறலாம். நாரா ரயில், மியாஜிமா தீவுக்கான ஜே.ஆர். படகு, கடைசி நாளில் விமான நிலையத்துக்குச் செல்லும் ஹருகா ரயில் ஆகியவையும் அதிலேயே அடங்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கியோட்டோ–ஷின் ஒசாகா இடையே அந்தப் பாஸில் ஷிங்கன்சென் செல்லாது. அந்தச் சிறு தூரத்தைச் சாதாரண ரயிலில் கடந்து, ஷின் ஒசாகாவில் மாற வேண்டும். அரை மணி நேரம்கூட ஆகாது.

ஆளுக்கு 31,170 யென். உங்கள் குடும்பத்துக்கு ஏறத்தாழ 1,09,000. விமானக் கூடுதலைக் கழித்த பிறகும் இருபதாயிரம் ரூபாய் கையில் நிற்கும்.

ஊர்சுற்றி_72 எழுதியது:

நகோயா நண்பரின் கணக்கில் பிழையில்லை. ஆனாலும் முதன்முறை செல்பவருக்கு நாடு முழுவதற்குமான பாஸ் தரும் நிம்மதியைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா? எந்த வண்டியைத் தவறவிட்டாலும் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். ஒசாகாவிலிருந்து தண்டர்பேர்டு ரயிலில் நேராகக் கனசாவா சென்று, அங்கிருந்து ஷிங்கன்சென்னில் டோக்கியோ திரும்பினால், அதே பாஸில் இன்னொரு அழகான நகரத்தையும் பார்த்துவிடலாம். 2019-இல் நாங்கள் அப்படித்தான் சென்றோம்.

கார்டு விஷயத்துக்கு என்னிடம் விடை இருக்கிறது. 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, புதிதாக வழங்கப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் இணையப் பரிவர்த்தனையும் முடக்கப்பட்ட நிலையில்தான் வரும்; அவற்றை நாமே திறந்துவிட வேண்டும். வங்கியின் செயலியில் கார்டு மேலாண்மைப் பகுதிக்குச் சென்று, 'சர்வதேசம்' என்பதன் கீழ் 'இணையவழி' என்பதையும் இயக்கி, தினசரி வரம்பையும் உயர்த்திவிட்டு மீண்டும் முயன்று பாருங்கள். பலர் முதலாவதை மட்டும் இயக்கிவிட்டு, வரம்பு பூஜ்யத்தில் இருப்பதைக் கவனிப்பதில்லை. எனக்கும் அதுதான் நேர்ந்தது.

நகோயாவாசி எழுதியது:

நிம்மதி என்பதை ஏற்கிறேன் ஐயா. ஆனால் டோக்கியோவிலிருந்து ஒசாகா பக்கம் நொசோமி நெரிசல் வேளையில் ஒரு மணி நேரத்தில் பத்துக்கு மேல்கூட ஓடுகிறது. பாஸில் அடங்கும், கூடுதல் நிலையங்களில் நின்று செல்லும் ஹிகாரி ரயிலோ மணிக்கு இரண்டுதான். தவறவிட்டால் அடுத்த வண்டி என்பது பாஸ் இல்லாதவருக்குத்தான் எளிது.

கனசாவா வழி இப்போது நீங்கள் சென்றபோது இருந்தது போல இல்லை. 2024 மார்ச் 16 அன்று, டோக்கியோ–கனசாவா பாதையான ஹொக்குரிக்கு ஷிங்கன்சென் சுருகா வரை நீட்டிக்கப்பட்டதிலிருந்து, தண்டர்பேர்டு சுருகாவோடு நின்றுவிடுகிறது. அங்கே தரைத்தளத்தில் இறங்கி, மூன்றாம் தளத்தில் நிற்கும் ஷிங்கன்சென்னுக்கு மாற வேண்டும். பெரும்பாலான இணைப்புகளுக்குக் கிடைப்பது எட்டு நிமிடம் போலத்தான். மின்தூக்கியும் நகரும் படிகளும் உண்டு என்றாலும், ஒரே நேரத்தில் ஒரு ரயில் கூட்டமே மேலே ஏறும் இடத்தில் மூட்டுவலிக்காரரை அழைத்துச் செல்ல நான் துணிய மாட்டேன். அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கோட்டை மைந்தன் எழுதியது:

சென்ற ஆண்டு என் பெற்றோரை அழைத்துச் சென்று வந்தவன் என்பதால் சூட்கேஸ் பற்றி நான் சொல்கிறேன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் சாமான்களுக்கு, தொகைடோ (டோக்கியோ–ஒசாகா), சன்யோ (ஒசாகாவுக்கு மேற்கே) ஷிங்கன்சென்களில் 'பெரிய சாமான் இடத்துடன் கூடிய இருக்கை' என்று தேர்ந்தெடுத்து முன்பதிவு செய்ய வேண்டும். அது பெட்டியின் கடைசி வரிசை. பின்னால் உள்ள இடைவெளியில் வைத்துக்கொள்ளலாம். கூடுதல் கட்டணம் இல்லை. ஆனால் முன்பதிவு செய்யாமல் கொண்டு ஏறினால் 1,000 யென் வாங்குவார்கள். முதலில் ஓர் அளவு நாடாவை எடுத்து, சக்கரத்தையும் சேர்த்து அளந்துவிடுங்கள்.

எங்களைத் திணற வைத்தது ரயிலில் வைப்பதல்ல, இறக்குவதுதான். கியோட்டோவில் வண்டி நிற்பது இரண்டு நிமிடம் போலத்தான். அறிவிப்பு வந்த பிறகு எழுந்த நாங்கள், அப்பா ஒரு சூட்கேஸோடு நடைமேடையில் நிற்க, அம்மா இன்னும் இருக்கை வரிசையில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க, கதவின் நடுவே ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி நின்ற அந்தச் சில நொடிகளை நான் மறக்கவே மாட்டேன். வர வேண்டிய நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே எழுந்து கதவருகே போய்விடுங்கள்; வண்டி சொன்ன நிமிடத்தில் நிற்கும். இன்னொரு வழி, டோக்கியோ விடுதியிலேயே சூட்கேஸ்களை ஒப்படைத்துக் கியோட்டோ விடுதிக்கு அனுப்பிவிடுவது. 'தக்க்யூபின்' என்பார்கள், பெரும்பாலும் மறுநாள் சேர்ந்துவிடும். ஓர் இரவுக்கான துணியை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். திரும்பச் சென்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் செய்வேன்.

காகித டிக்கெட் எடுத்தால் ஆளுக்கு இரண்டு சீட்டு வரக்கூடும்: ஒன்று அடிப்படைக் கட்டணத்துக்கு, மற்றொன்று விரைவு ரயிலுக்கு. இரண்டையும் ஒன்றாக அடுக்கி நிலையத்தின் தானியங்கி டிக்கெட் கேட்டுக்குள் செலுத்தி, மறுமுனையில் இரண்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்; இறங்கும் நிலையத்திலும் அவை தேவை.

நகருக்குள், பணம் ஏற்றிவைத்து கேட்டில் தட்டிச் செல்லும் சுயிகா போன்ற ஐ.சி. கார்டு போதும். சிப் தட்டுப்பாட்டால் விற்பனை நிறுத்தம் என்று பழைய செய்திகளில் வரும். 2025 மார்ச்சில் மீண்டும் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அந்தக் கார்டை வைத்துக்கொண்டு ஒரு வட்டாரத்தில் ஏறி வேறு வட்டாரத்தில் இறங்க முடியாது. ஃபுஜி மலையைப் பார்க்கும் ஆசையில் டோக்கியோவின் ஷினகாவா நிலையத்தில் கார்டைத் தட்டி சாதாரண ரயிலில் ஏறியவன், அந்த வட்டாரம் முடியும் அதாமியைத் தாண்டி மிஷிமாவில் இறங்கியபோது கேட் மூடிக்கொண்டது. ஊழியர் முகம் சுளிக்காமல் முழுக் கட்டணத்தையும் ரொக்கமாக வாங்கிக்கொண்டு, ஒரு சிறு சீட்டைத் தந்தார். டோக்கியோ பக்கம் திரும்பி அந்தச் சீட்டைக் காட்டி நுழைவுப் பதிவை நீக்கும் வரை கார்டு எந்த கேட்டிலும் வேலை செய்யவில்லை. எச்சரிக்கையைப் படிக்காதது என் பிழைதான். நகரம் விட்டு நகரம் என்றால் டிக்கெட், நகருக்குள் என்றால் கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபுஜியை ஷிங்கன்சென்னிலேயே பார்க்கலாம். டோக்கியோவிலிருந்து கியோட்டோ செல்லும்போது வலப்புறம் வரும் 'ஈ' இருக்கை; புறப்பட்டு முக்கால் மணி நேரம் ஆகும்போது கண்ணை எடுக்காதீர்கள். அடுத்தடுத்த இரு வரிசைகளில் 'டி', 'ஈ' இருக்கைகளை எடுத்தால், காலடியில் இருக்கும் மிதியை அழுத்தி முன் இருக்கையைத் திருப்பி நால்வரும் எதிரெதிரே அமரலாம்.

பொருநைக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஊர்சுற்றி ஐயா சொன்னபடி வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தேன். 'சர்வதேசம்' இயங்கியது, இணையவழி வரம்பு பூஜ்யமாக இருந்தது! உயர்த்தினேன், கார்டு ஏற்கப்பட்டது. கணவரிடம் பேசி மே 11-க்குப் பயணத்தைத் தள்ளிவிட்டோம். நரிதாவில் இறங்கி, கான்சாயிலிருந்து திரும்புகிறோம். கியோட்டோவில் கடைசி நாளை நாராவுக்கு ஒதுக்கி அன்றே வட்டாரப் பாஸைத் தொடங்கினால், மறுநாள் ஹிரோஷிமா, அதற்கடுத்த நாள் மியாஜிமா பார்த்துவிட்டு ஒசாகா, ஒரு நாள் ஒசாகா, ஐந்தாம் நாள் விமான நிலையம் என்று சரியாகப் பொருந்துகிறது. இரண்டு சிறு கேள்விகள். மாமியார் சைவம், ரயிலில் உணவு கிடைக்குமா? சூட்கேஸ்களையும் அளந்துவிட்டேன், மூன்றும் 158 சென்டிமீட்டர்; இவற்றுக்கும் முன்பதிவு வேண்டுமா?

நகோயாவாசி எழுதியது:

பொருத்தம் சரியாக இருக்கிறது. தொகைடோ ஷிங்கன்சென்னின் சாதாரண வகுப்பில் தள்ளுவண்டி விற்பனையை 2023 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். ஏறும் முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும். நிலையத்தில் விற்கும் பெந்தோ என்ற பெட்டி உணவுகளில் காய்கறி மட்டும் போலத் தெரிவதிலும் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும். மாமியாருக்கு பழமும் ரொட்டியும், நீங்கள் கையோடு கொண்டு வரும் புளியோதரைப் பொடியும்தான் நம்பகமானவை. விடுதிக்கு அருகில் சூடான வெறும் சோறு கடையில் கிடைக்கும்.

158 என்றால் முன்பதிவு விதி உங்களைக் கட்டுப்படுத்தாது, தலைக்கு மேலுள்ள அடுக்கில் வைக்கலாம். மூன்றையும் அங்கே தூக்கி வைக்கப் போவது யார் என்பதைக் கணவரிடம் இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் மலைக்கோட்டை நண்பர் சொன்ன தக்க்யூபின்தான்.