ரிலீவர் வரும் வரை: தீவுகளில் பணியாற்றியவர்களின் அனுபவங்கள்

முனிர்கா, ஓய்வுபெற்ற செவிலியர்:

போன கிருத்திகைக்குத் தில்லி ஆர்.கே.புரத்தில் உள்ள மலை மந்திர் முருகன் கோயிலுக்குச் சென்றிருந்தேன். பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், அந்தமானில் ஒப்பந்தச் செவிலியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்று தன் தாயிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "சம்பளம் பரவாயில்லையாம்மா" என்றாள் மகள். "அங்க போனா யாரு உன்னைத் திரும்ப விடுவா?" என்றார் தாய். நான் வாயைத் திறப்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. அன்று சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன். அந்தத் தாய் விளையாட்டாகக் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி என்பது என் எண்ணம்.

2012-இல் என் கணவர் மத்திய அரசுப் பணியில் போர்ட் பிளேருக்கு (இன்று அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) மாற்றலானார். அவருடன் ஒரே ஊரில் இருக்கலாம் என்ற நம்பிக்கையில் நானும் ஒப்பந்தச் செவிலியர் பணிக்கு விண்ணப்பித்தேன். வேலை கிடைத்தது, ஆனால் கிடைத்த இடம் நிகோபார் கூட்டத்தில் ஒரு சிறு தீவு. கணவர் இருந்த ஊருக்கும் எனக்கும் நடுவே கப்பலில் ஒன்றரை நாள் கடல் கிடந்தது. தீவின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். அங்கிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் காகிதத்தின்படி ஒரு மருத்துவர், மூன்று செவிலியர், ஒரு பார்மசிஸ்ட், ஓர் ஆய்வகப் பணியாளர் இருக்க வேண்டும். நான் போய் இறங்கியபோது மருத்துவர் விடுப்பில் இருந்தார். செவிலியர் என்று நான் ஒருத்தி மட்டுமே. பார்மசிஸ்டின் மேசை இழுப்பறையில் எலி குட்டி போட்டிருந்தது.

எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதினைந்து நாள் மாற்று ஆள் (ரிலீவர்) அனுப்பப்படும் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். ஐந்தாவது மாதம் வரை யாரும் வரவில்லை. இதில் யாரையும் குறை சொல்லவும் முடியாது என்பதுதான் வேடிக்கை. ஒருமுறை ஆணை வந்தது, ஆனால் குறித்த நாளில் கப்பல் கிளம்பவில்லை. அடுத்த முறை கப்பல் கிளம்பியது, ஆனால் வர வேண்டியவருக்குப் பழங்குடிப் பகுதிக்கான அனுமதிச் சீட்டு கைக்கு வந்து சேரவில்லை. 1956-ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி நிகோபார் தீவுகளின் பெரும்பகுதிக்குள் வெளியாள் அனுமதியின்றி நுழைய முடியாது. அந்த விதி தேவையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் கப்பல் தேதி ஒரு மேசையிலும் அனுமதிச் சீட்டு வேறொரு மேசையிலும் இருந்தால், இரண்டும் ஒரே நாளில் சந்தித்துக்கொள்வது ஏறக்குறைய கிரகணம் போலத்தான்.

அந்த ஐந்தாவது மாதத்தில் எனக்கே காய்ச்சல் வந்தது. குளிர் தூக்கிப் போட்டது. கட்டிலில் உட்கார்ந்தபடியே விரலைக் குத்தி, மலேரியா அட்டையில் ஒரு சொட்டு விட்டேன். இரண்டாவது கோடு தெளிவாகத் தெரிந்தது. மாத்திரை வயிற்றில் தங்கவில்லை. போட்ட அரை மணியில் வாந்தி. நிலையத்தில் இருந்த ஆயா ஒரு நிகோபாரிப் பெண்மணி. அவருக்கு அறுபது வயதிருக்கும். சுனாமியில் வீட்டையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்தவர். அவர் டார்ச்சைப் பிடித்துக்கொள்ள, என் இடது கையில் ரப்பர் குழாயைப் பல்லால் இழுத்துக் கட்டி, வலது கையால் நரம்பைத் தேடி நானே ஊசியை ஏற்றிக்கொண்டேன். முதல் இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை இரத்தம் பின்வாங்கித் தெரிந்ததும், ஆயா என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பிளாஸ்திரியை நீட்டினார். சலைன் பாட்டிலை ஜன்னல் கம்பியில் கட்டினோம்.

மறுநாள் காலையில் ஒன்பது நோயாளிகள் வந்து நின்றார்கள். அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. நான் படுத்தபடியே ஆயாவுக்கு மாத்திரைப் பெட்டிகளின் நிறத்தைச் சொல்லி எடுத்துக் கொடுக்க வைத்தேன். அது சட்டப்படி தவறு என்பது எனக்குத் தெரியும். அன்றைக்குப் பிரசவம் எதுவும் வராமல் இருந்தது என் அதிருஷ்டம், ஊருக்கும் அதிருஷ்டம்.

ஏழாவது மாதத்தில் வேலையை விட்டுவிட்டேன். என் இடம் மறுபடி காலியிடம் ஆனது. "தீவுக்கு யாரும் வர மறுக்கிறார்கள்" என்ற வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம், போனவர்களில் நானும் ஒருத்தி என்று சொல்லத் தோன்றும்.

கௌதம் நகர், மருத்துவர்:

அக்கா எழுதியதைப் படித்ததும் என் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது. நான் எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு அதே நிகோபார் பகுதியில் வேறொரு தீவில் ஒப்பந்த மருத்துவராக எட்டு மாதம் இருந்தேன். இப்போது கௌதம் நகரில் வாசகசாலையில் இடம் பிடித்து முதுநிலை நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தெருவில் என்னைப் போல் நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் பகல் முழுவதும் பலவிடைக் கேள்விகளை உருப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாட்டின் மருத்துவர் பற்றாக்குறை எங்கே குடியிருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் இரவு பதினொரு மணிக்கு இங்கே தேநீர்க் கடைக்கு வரலாம்.

கடினமான பகுதிகளில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைத் தேர்வில் ஆண்டொன்றுக்கு 10 விழுக்காடு வரை, அதிகபட்சம் 30 விழுக்காடு ஊக்க மதிப்பெண் தர மருத்துவக் கல்வி விதிகளில் இடமிருந்தது. அதை நம்பித்தான் நான் கப்பல் ஏறினேன். என்னுடையது நிரந்தரப் பணியன்று, ஒப்பந்தம். எனவே அது பொருந்தாது என்று எனக்குத் தெரிந்தது நான்காவது மாதத்தில்தான். விசாரிக்காமல் போனது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

தொலைமருத்துவம் வந்துவிட்டது, இனி கவலையில்லை என்பவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் அந்தமான் நிகோபார் தீவுகளுக்கும் இடையிலான, இணையத்துக்கான கடலடி ஒளியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் வரை அது போகிறது. அதன் பயனை நான் நேரில் அனுபவித்தேன். ஒரு மீனவரின் இ.சி.ஜி. படத்தைக் காட்டி, மூத்த மருத்துவர் ஒருவரிடம் சில நிமிடத்தில் கருத்துக் கேட்க முடிந்தது. அவர் சொன்னது: "உடனே ரெஃபர் செய்", அதாவது பெரிய மருத்துவமனைக்கு அனுப்பு. அப்போது மாலை ஐந்தேகால். மழை இறங்கிவிட்டது, ஹெலிகாப்டர் மறுநாள் காலைதான். இரவு முழுவதும் அந்த மீனவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நானும் அவருடைய மைத்துனரும் மட்டுமே. மறுநாள் அவர் பறந்து போனார், பிழைத்தார். நான் தூங்கப் போகலாம் என்று எழுந்தபோது வாசலில் குழந்தையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மானிட்டரைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஜோடிக் கண்கள் இருந்திருந்தால் நான் இன்றும் அங்கேயே இருந்திருப்பேனோ என்னவோ.

ஆர்.கே.புரம், ஓய்வுபெற்ற பிரிவு அலுவலர்:

இருவரும் கடற்கரையிலிருந்து எழுதினீர்கள். நான் கோப்புப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் மத்திய அமைச்சகம் ஒன்றில் இருந்தவன். அதில் சில ஆண்டுகள் ஒன்றியப் பகுதிகளின் பணியிடங்கள் பற்றிய கோப்புகள் என் மேசை வழியாகப் போயின.

முதலில் பணம். தீவுகளில் பணியாற்றும் மத்திய அரசு ஊழியர்களுக்குத் தீவுச் சிறப்புப் பணிப்படி என்று ஒன்று உண்டு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு அது இடத்தின் கடினத்தைப் பொறுத்து அடிப்படைச் சம்பளத்தில் 10, 16, 20 விழுக்காடு. ஊதிய நிலை ஏழில் சேரும் செவிலியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். மிகக் கடினமான தீவுக்குப் போனால் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 8,980 ரூபாய். குடும்பத்தை இங்கே விட்டுச் செல்பவருக்கு, முனிர்காவில் ஓர் அறை எடுக்கவே அது பற்றாது. பணத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணம் தியாகத்துக்கு ஈடு என்று காகிதத்தில் எழுதப்படுவதைத்தான் சொல்கிறேன்.

இதைவிட எனக்கு உறுத்தலானது வேறு. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிரப்பப்படாமல் கிடக்கும் பணியிடம் ஒழிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்பது மத்திய நிதியமைச்சகத்தின் செலவினத் துறை வகுத்திருக்கும் நெறி. அதை மீட்டெடுக்க மறுபடி அந்தத் துறையின் ஒப்புதல் வேண்டும். தேவையற்ற பணியிடங்களைக் களைவதற்காக வந்த நெறி இது. தில்லியில் சும்மா கிடக்கும் ஓர் எழுத்தர் இடத்துக்கு இது முற்றிலும் நியாயம். ஆனால் ஆள் போகவே தயங்கும் தீவில்தான் இடம் அதிக காலம் காலியாகக் கிடக்கும். ஆக, எங்கே தேவை அதிகமோ அங்கேதான் பணியிடம் முதலில் செத்துப்போகும். அப்படி ஓர் எக்ஸ்ரே பணியாளர் இடத்துக்கு உயிர்கொடுக்க நான் எழுதிய குறிப்பு, கேள்வி மேல் கேள்வியாகப் பதினோரு முறை திரும்பி வந்தது. பன்னிரண்டாவது முறை அது வந்ததா என்று எனக்குத் தெரியாது. அதற்குள் நான் ஓய்வுபெற்றுவிட்டேன்.

செவிலியர் அம்மா, உங்கள் ரிலீவர் விஷயத்துக்கு வருகிறேன். "விடுப்பு மாற்றுப் பணியிடம்" என்று தனியாக ஒரு பிரிவை ஒப்புதல் பெற்று வைத்துக்கொள்ள முடியும். பெரிய மருத்துவமனைகளில் அது உண்டு. ஒரே ஒரு செவிலியர் இருக்கும் நிலையத்துக்கு அது இல்லை. ஒருவருக்கு எத்தனை விழுக்காடு விடுப்பு மாற்று என்று கணக்கிட்டால் விடை ஒன்றுக்கும் கீழே வருகிறது. பின்னமான மனிதரை நியமிக்க எந்த விதியும் இடம் தராது. சிரிப்பதற்காக எழுதவில்லை, உண்மையிலேயே கோப்பில் இப்படித்தான் இருந்தது.

கரோல் பாக், ஆய்வகப் பணியாளர்:

நான் லட்சத்தீவில் ஓராண்டு இருந்தேன். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே மக்கள்தொகை 64,473. அவர்கள் பத்துத் தீவுகளில் பரவியிருக்கிறார்கள். நான் இருந்த தீவில் மருத்துவர் இருந்தார், செவிலியரும் இருந்தார். நான் தங்கையின் திருமணத்துக்கு ஊருக்குப் போன இருபது நாளும் இரத்தப் பரிசோதனை நடக்கவில்லை; எனவே சர்க்கரை நோயாளிகளுக்கு மருந்தளவை மாற்ற மருத்துவர் தயங்கினார். ஒருவரைக் கொச்சிக்கே அனுப்பிவிட்டார். ஒரு கண்ணி விட்டால் சங்கிலி முழுவதும் வேலை செய்யாது என்பதை அன்று கண்டேன். திரும்பி வந்தபோது கல்யாண லட்டு கொண்டுபோனேன். யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

துவாரகா, செவிலியர்:

நீங்கள் அனைவரும் போய்வந்தவர்கள். நான் அங்கே பிறந்தவள். என் தாத்தா முன்னாள் படைவீரர். 1969 முதல் கிரேட் நிகோபாரில் குடியேற்றப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அங்குள்ள கேம்ப்பெல் பேயில் பஞ்சாபிப் பிள்ளைகளோடும் தெலுங்குப் பிள்ளைகளோடும் படித்தேன். தமிழைத் தாத்தாவிடம் கற்றேன்.

உங்கள் பதிவுகளில் ஒரு குறை தென்படுவதைச் சொன்னால் தவறாக எண்ண மாட்டீர்கள் என நம்புகிறேன். முனிர்கா அக்காவின் கதையில் டார்ச் பிடித்த ஆயா, அக்கா வந்தபோதும் இருந்தார், போனபின்னும் இருந்தார். தீவில் எப்போதும் இருக்கும் ஊழியர் அவர்தான். அவரைப் போன்றவர்களின் மகள்களுக்குத் துணைச் செவிலியர் பயிற்சி கொடுத்து, அதே தீவில் நிரந்தர வேலை கொடுப்பது பற்றி ஒருவரும் எழுதவில்லை. கிராமப்புறங்களில் ஊழியர்களைத் தக்கவைப்பது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட பரிந்துரைகளிலேயே, அந்தப் பகுதிகளைச் சேர்ந்தவர்களைப் படிப்பில் சேர்ப்பது இடம்பெற்றிருக்கிறது. 2015-இல் போர்ட் பிளேரில் மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது எங்கள் தெருவில் பாயசம் வைத்தார்கள்.

அப்படியானால் நீ ஏன் துவாரகாவில் இருக்கிறாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். நான் படிப்பை முடித்த ஆண்டில் நிரந்தரப் பணிக்கு அறிவிப்பே வரவில்லை. மறு ஆண்டும் வரவில்லை. வந்ததெல்லாம் ஆறு மாத ஒப்பந்தம். சொந்த ஊரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலை இழப்பதை என் அம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இங்கே தனியார் மருத்துவமனையில் மாதா மாதம் சம்பளம் வருகிறது. அறிவிப்பு வந்திருக்கிறதா என்று வெள்ளிக்கிழமைதோறும் இணையதளத்தைப் பார்க்கிறேன்.

முனிர்கா, ஓய்வுபெற்ற செவிலியர்:

தங்கச்சி சொன்னது சரி. ஆயாவைப் பற்றி எழுதிய நானே, அவரை விளக்குப் பிடிப்பவராக மட்டும் எழுதிவிட்டேன். அவர் பேத்தி பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள் என்பதும், பயிற்சிக்கு அனுப்ப வழி இருக்கிறதா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார் என்பதும் இப்போது நினைவுக்கு வருகின்றன. எனக்கு வழி தெரியவில்லை; விசாரிக்கவும் இல்லை.

கௌதம் நகர், மருத்துவர்:

அக்கா, தனிப்பட்ட முறையில் ஒன்று கேட்கிறேன். நேற்று எனக்கு மறுபடியும் தீவிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. இம்முறையும் ஒப்பந்தம்தான், ஓராண்டு. தேர்வு முடிவு வரும் வரை போகலாமா என்று யோசிக்கிறேன். போவதானால் என்ன கேட்க வேண்டும்?

முனிர்கா, ஓய்வுபெற்ற செவிலியர்:

தம்பி, சம்பளத்தைப் பற்றிக் கடைசியில் பேசுங்கள். உங்களுக்கு மாற்றாக வரும் மருத்துவர் யார், எந்த மாதம் வருவார், அவருடைய அனுமதிச் சீட்டுக்கு யார் விண்ணப்பிப்பார் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லையென்றால் அதுவே பதில். நிலையத்தில் எத்தனை செவிலியர் உண்மையில் இருக்கிறார்கள் என்பதை அலுவலகத்தில் கேட்காமல், அந்த நிலையத்துக்கே தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். யார் எடுக்கிறார்கள் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். மழைக்காலத்தில் போவதானால் கொசுவலையை இங்கிருந்தே வாங்கிச் செல்லுங்கள், இரட்டைக் கட்டில் அளவு. அங்கே கொடுப்பதில் கால் வெளியே நிற்கும்.

துவாரகாத் தங்கச்சி, அந்தப் பேத்திக்கு இப்போது இருபத்தெட்டு வயதிருக்கும். ஆயாவின் எண் என் பழைய டைரியில் இருக்கிறது. இன்று இரவு அழைத்துப் பார்க்கிறேன்.

துவாரகா, செவிலியர்:

எட்டு மணிக்கு மேல் அழையுங்கள் அக்கா. அங்கே அப்போதுதான் சிக்னல் நன்றாக இருக்கும்.