சேந்தமங்கலத்தில் கேமராவோடு ஒரு ரபி

கேரளத்தில் வடக்கன் பரவூர் பக்கம் போனபோது நடந்தது. சேந்தமங்கலம் யூதப்பள்ளி, அதாவது யூதர்கள் தொழுத இடம், இப்போது அருங்காட்சியகம். அதன் முற்றத்தில் நிற்கும் கல்லைப் பலர் கவனிக்காமலே உள்ளே போய்விடுவார்கள். நானும் போயிருப்பேன், தலையில் குல்லா வைத்த ஒரு பெரியவர் அதன் முன்னால் மண்டி போட்டு கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்ததால்தான் நின்றேன்.

கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, வெயிலைக் கல்லின் பக்கவாட்டில் அடிக்கச் சொன்னார். அதுவரை வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த கல்லில், வெளிச்சம் சாய்ந்து விழுந்ததும் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் தங்கி எழுத்துகள் எழுந்து வந்தன. எங்கள் ஊர்க் கோயிலில் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன், இவர் அதையே வெளிச்சத்தை வைத்துச் செய்தார். வலமிருந்து இடமாக விரலை ஓட்டி வாசித்தார்: சாரா, இஸ்ரவேலின் மகள். 1269ஆம் வருடத்துக் கல்லறைக் கல். இந்தியாவில் இருக்கும் எபிரேயக் கல்வெட்டுகளில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள்.

அப்புறம்தான் தெரிந்தது, அவர் இஸ்ரேலிலிருந்து வந்த ரபி, யூத மதகுரு. கொச்சி யூதர்களுக்கென்று ரபி யாரும் இருந்ததில்லையாம், பெரியவர்களே தொழுகை நடத்தியிருக்கிறார்கள். 1950களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அங்கே அவருக்குத் தெரிந்த ஒரு பாட்டி ஐந்து வயதில் இங்கிருந்து கிளம்பியவர், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பள்ளியின் மாடியில் நின்றது மட்டும் நினைவிருக்கிறதாம். மாடியில் பெண்கள் பகுதி, கீழே ஒரு வேதம் வாசிக்கும் மேடை இருக்க, பெண்கள் பகுதிக்கு முன்னால் இன்னொன்று. இப்படி இரண்டு மேடை வைப்பது கேரளப் பள்ளிகளின் தனி வழக்கம். ரபி அங்கே போய், ஐந்து வயதுப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, கம்பிகளின் இடுக்கு வழியாகக் கீழே பார்த்துப் படம் எடுத்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

—

தம்பி, உங்கள் பதிவைப் படித்தேன். கொச்சி மட்டாஞ்சேரியில் நானும் இப்படி ஒருவரைப் பார்த்தேன், இதே ஆள்தானா தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் தெரு முழுக்க மஞ்சள் வெயில். நான் செல்போனில் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன், அவரோ கேமராவைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். பொழுது சாய்ந்தால் எங்கள் ஓய்வுநாள், சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரிகிறவரை தொடமாட்டேன் என்றார். கையை வீசிக்கொண்டு, இரண்டு பக்கமும் வீடு வீடாகப் பார்த்தபடியே மெதுவாக நடந்து போனார்.

அந்த மாடிப் படம் உங்களுக்கு அனுப்பினாரா? இருந்தால் போடுங்களேன்.