எங்கள் பக் நாய்க்கு மூச்சுப்பாதை ஆபரேஷன்: வலிக்கு என்ன செய்தார்கள்?

எங்கள் பக் லட்டுவுக்கு நான்கு வயது. அவன் குறட்டை வாசல் வரைக்கும் கேட்கும். அதை ரசித்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தால் இப்போது மனசு கேட்கவில்லை. போன சித்திரை வெயிலில் மாடிப்படி ஏறியவன் நாக்கு நீலம் பாய்ந்து சரிந்தான். மூக்குத் துவாரம் கீற்றாக இருக்கிறது, உள்ளண்ணம் (வாயின் மேற்பக்கம் பின்னால் இருக்கும் மெத்தென்ற சதை) நீண்டு மூச்சை அடைக்கிறது, இரண்டையும் வெட்டிச் சரிசெய்ய வேண்டும் என்றார்கள்.

எனக்கு அவன் வலிதான் பயம். "நல்லா ஸ்ட்ராங்கா வலி மருந்து போட்டுடுங்க டாக்டர்" என்றேன். அவர் உட்காரவைத்து விளக்கினார். அபின் வகை மருந்து கூடினால் நாய் மந்தமாகும், மூச்சு தணியும், சிலவற்றுக்கு வாந்தி வரும். சப்பை முக நாய்க்குத் தொண்டை வீங்கியிருக்கும் நேரத்தில் அந்த வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சரி, குறைத்துவிடலாம் என்றால் வலியில் பதறி இரைக்கும். இரைக்க இரைக்கத் தொண்டை இன்னும் வீங்கும்.

அதனால் மயக்கத்தில் இருக்கும்போதே இரண்டு பக்கமும் மேல்தாடை நரம்பருகே பியூபிவகைன் ஊசி போட்டார்கள். பல் பிடுங்கும்போது நமக்கு மரத்துப்போகப் போடுவார்களே, அந்த மாதிரி. மூக்கு நுனிக்கும் அண்ணத்துக்கும் அந்த நரம்பின் கிளைகள் போகின்றன. சில மணி நேரம் மரத்திருக்கும், மற்ற மருந்து கொஞ்சம் போதும்.

மயக்கம் தெளியும்போது தொண்டைக் குழாயை அவசரப்பட்டு எடுக்கவில்லை. அவன் நன்றாக விழித்துத் தலையைத் தூக்கும்வரை விட்டுவைத்தார்கள். குப்புறப் படுக்கவைத்து, தாடைக்கடியில் சுருட்டிய துண்டு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டினான். அழுதுவிட்டேன்.

* * *

உங்கள் லட்டுவின் கதையைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. எங்கள் பிரெஞ்சு புல்டாக்குக்கு இதே ஆபரேஷன் நடந்தபோது இந்த ஊசியைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த ராத்திரி அவள் ஒரு சத்தமும் போடவில்லை, வலி இல்லை என்றே நினைத்தோம். ஆனால் படுக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே தூங்கித் தூங்கி விழுந்தாள், முகத்தைத் தொட விடவில்லை.

மறுநாள் வேறொரு டாக்டர் கிளாஸ்கோ வலி அளவுகோல் தாளை எடுத்து, முனகல், நிற்கும் விதம், தொட்டால் என்ன செய்கிறாள் என்று ஒவ்வொன்றாக மதிப்பெண் போட்டார். 24க்கு 6 வந்தாலே மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டுமாம். அவளுக்கு 9. ஊசி போட்ட அரை மணியில் காலை நீட்டிப் படுத்தாள்.

* * *

பாவம், உங்கள் புல்டாக். லட்டு விஷயத்தில் எங்களுக்கும் சத்தத்தை நம்பாதீர்கள், படுக்கிறானா பாருங்கள் என்றுதான் சொன்னார்கள். அப்புறம் இன்னொன்று: வீக்கத்துக்கு ஸ்டீராய்டு போட்டிருந்தால் மெலாக்சிகாம் போன்ற வலி மருந்தைச் சேர்க்கக்கூடாது, குடல் புண்ணாகிவிடும். நம் வீட்டு ஐபுபுரூஃபன் எப்போதுமே கூடாது. கிளம்பும் முன் எந்த ஊசி, எத்தனை மணிக்குப் போட்டது என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி 2 மணிக்கு அவன் இரைத்தபோது, போனில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.