பேக்கர் ஸ்ட்ரீட்: பாட்டு, டிவி வினாடி வினாவுக்குக் கேள்வி எழுத உதவி வேண்டும்

கொழிஞ்சாம்பாறை:
ஓணம் லீவில் எங்க ஊர் வாயனசாலையில் (நூலகத்தில்) வினாடி வினா. தமிழ் மீடியம், மலையாள மீடியம் கலந்து ஆறு அணி, எல்லாரும் பிளஸ் டூ பிள்ளைகள். ஒரு சுற்று முழுக்க லண்டன் பேக்கர் ஸ்ட்ரீட்தான். பாட்டும் டிவியும் சேர்த்து 12 கேள்வி. விடையில் தகராறு வரக்கூடாது. எங்கே சறுக்கும்னு அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்க.

வேலந்தாவளம்:
தம்பி, 'எங்கே' என்ற சொல்தான் சறுக்கும். துப்பறியும் கதை நாயகன் ஷெர்லக் ஹோம்ஸ் வீடு எங்கே என்று மொட்டையாகக் கேட்டால் பல விடை சரியாகிவிடும். சித்தூர் என்றால் பாலக்காட்டுச் சித்தூரா ஆந்திரச் சித்தூரா என்று நாம் கேட்கிறோமே, அதே கதை.

கதைப்படி பேக்கர் ஸ்ட்ரீட்டில் 221பி எண் வீடு. முதல் கதை வந்த 1887-இல் பேக்கர் ஸ்ட்ரீட்டில் அவ்வளவு பெரிய எண்ணே கிடையாது. 1930-களில் பக்கத்துத் தெருவையும் சேர்த்து எண் மாற்றிய பிறகு, 221 அபே நேஷனல் என்ற வீட்டுக்கடன் நிறுவனக் கட்டடத்துக்குள் போய்விட்டது. ஹோம்ஸுக்கு வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுதவே அங்கே ஒரு செயலாளரை வைத்திருந்தார்கள். 1990-இல் திறந்த ஹோம்ஸ் அருங்காட்சியகம் 237-க்கும் 241-க்கும் நடுவில் நிற்கிறது, ஆனால் கதவில் 221பி.

டிவியில் இன்னும் சிக்கல். 2010-இல் தொடங்கிய பிபிசியின் 'ஷெர்லக்' தொடரில் ஹோம்ஸ் வீடாகக் காட்டும் வாசல் 187, நார்த் கோவர் ஸ்ட்ரீட். நிஜத் தெருவில் வண்டி நெரிசல், போதாததற்கு எங்கு திரும்பினாலும் ஹோம்ஸ் பெயர்ப்பலகை. ஜெரமி பிரெட் ஹோம்ஸாக நடித்த 1984–94 தொடருக்கு மான்செஸ்டரில் தெருவையே செட் போட்டார்கள். 1979-இல் தொடங்கிய சோவியத் ஹோம்ஸ் தொடருக்கு பேக்கர் ஸ்ட்ரீட் ஆனது லாட்வியாவின் ரிகா நகரத்துத் தெரு ஒன்று. அதனால் 'கதைப்படி', 'படம்பிடித்த இடம்' என்று கேள்வியிலேயே பிரித்து எழுதுங்க.

மீனாட்சிபுரம்:
பாட்டுக்கு வருகிறேன். பாட்டின் பெயரும் 'பேக்கர் ஸ்ட்ரீட்'தான். பாடியவர் ஜெர்ரி ராஃபர்ட்டி, 1978, 'சிட்டி டு சிட்டி' ஆல்பம். பழைய இசைக்குழு உடைந்து வழக்கு நடந்த காலத்தில் கிளாஸ்கோவிலிருந்து லண்டன் வந்து, அந்தத் தெருவில் இருந்த நண்பர் வீட்டில் தங்கியதிலிருந்து பிறந்தது. அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் ஆறு வாரம் இரண்டாம் இடத்திலேயே நின்றது, முதலிடம் கிடைக்கவில்லை. பிரிட்டனில் மூன்றாம் இடம்.

ஒலிக் கேள்விக்குப் பாட்டை முதலிலிருந்து போடாதீங்க. சாக்ஸபோன் வர கொஞ்ச நேரமாகும், அதற்குள் பிள்ளைகள் கவனம் போய்விடும். சாக்ஸ் எடுக்கும் இடத்திலிருந்து பத்து விநாடி வெட்டுங்க. அடுத்து ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற ராக் இசைக்குழு அதே பாட்டைப் பாடியதில் அதே இடம். அங்கே அந்த மெட்டை கிடார் வாசிக்கும். 'என்ன கருவி மாறியது?' என்று கேட்டால் மொழி தெரியாத பிள்ளையும் காதால் சொல்லிவிடும். சுற்றிலேயே நல்ல கேள்வி இதுதான் என்பேன்.

கொழிஞ்சாம்பாறை:
அக்கா, அந்த சாக்ஸ் மெட்டைப் போட்டது யார்னு கேட்கலாமா?

மீனாட்சிபுரம்:
வேண்டாம். வாசித்தவர் ரஃபேல் ரேவன்ஸ்கிராஃப்ட், அது உறுதி. மெட்டும் தன்னுடையது என்று அவர் சொன்னதுண்டு, ஆனால் ராஃபர்ட்டியின் மாதிரிப் பதிவிலேயே கிடாரில் அந்த மெட்டு இருக்கிறது. 'வாசித்தவர் யார்' என்று மட்டும் கேளுங்க. யாராவது பாப் ஹோல்னஸ் என்று சொன்னால் மார்க் தரக்கூடாது. அவர் 'பிளாக்பஸ்டர்ஸ்' என்ற டிவி வினாடி வினாவை நடத்தியவர். அவர்தான் வாசித்தார் என்பது பிரிட்டனில் பரவிய கட்டுக்கதை.

நகரி:
சித்தூர் பற்றிச் சொன்னவருக்கு எங்க பக்கத்து வணக்கம். தம்பி, தெருப் பெயரை மொழிபெயர்க்காதீங்க. பேக்கர் என்றதும் ரொட்டி சுடுகிறவர் என்று பிள்ளைகள் எழுதும். பதினெட்டாம் நூற்றாண்டில் தெருவை அமைத்த வில்லியம் பேக்கரின் பெயர் அது. இதையே ஒரு கேள்வியாக்கலாம்.

இன்னும் இரண்டு. பீட்டில்ஸ் இசைக்குழு நடத்திய ஆப்பிள் துணிக்கடை இதே தெருவில் 94-ஆம் எண்ணில் 1967 டிசம்பரில் திறந்து, 1968 ஜூலையில் மூடிவிட்டது. 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனில் 1997-இல் லிசா என்ற சிறுமிக்கு சாக்ஸபோன் கிடைத்த கதை வந்ததே, அதில் கேட்பதும் ராஃபர்ட்டி பாட்டின் மெட்டுதான். இதை ஒலிக் கேள்விகளுக்கு அப்புறம் வைங்க. முன்னால் வைத்தால் பாட்டின் பெயர் வெளியே வந்துவிடும்.