குழலுக்குள் இருப்பது மரையா, புரியா?

கிளிநொச்சியிலிருந்து, திங்கள் இரவு:
எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை வவுனியாவில் நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்களுக்குப் பயிற்சி. சுடுகலப் பரிசோதனைக் குறிப்பை நான் தமிழாக்கவேண்டும். ‘றைபிளிங்’ என்ற சொல்லிலேயே இரண்டு நாளாய் நிற்கிறேன். துவக்குக் குழலின் உட்சுவரில் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கும் பள்ளங்கள். சன்னத்தைச் சுழலவைத்துத் தலை புரளாமல் அனுப்புபவை. இணையத்தில் ‘மரையிடல்’ என்று இருக்கிறது. போடலாமா?

ஒட்டுசுட்டானிலிருந்து:
தங்கச்சி, மரை வேண்டாம். திருகாணிக்கு மரை சொல்வது இந்தியாவில். எங்கட பக்கம் மரை என்றால் காட்டில் மேய்கிற பெரிய மான்தான். ‘மரைக்குழல்’ என்று சாட்சியிடம் கேட்டால் மரை சுடுகிற துவக்கு என்றே விளங்கிக்கொள்வார். வேட்டை வழக்கில் ஒரு ஆளின் வாக்குமூலமே மாறிப்போகும்.

வவுனியாவிலிருந்து:
சுரிகுழல் என்ற நல்ல சொல் இருக்கிறதே, பிள்ளை. சுரிதல் சுழிதல், சுரிசங்கு என்கிறோம். சுரி, சுழி, சுருள், சுற்று எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. சுரும்பு என்று வண்டுக்குப் பெயர் வந்ததும் அது சுற்றிப் பறப்பதால்தான் என்பது என் துணிபு.

ஒட்டுசுட்டானிலிருந்து:
ஐயா, வேர் சரி. வயலுக்குள் இறங்குகிறவனுக்குச் சுரி என்றால் உழவு மெசின் புதைகிற சேறு.

கிளிநொச்சியிலிருந்து, செவ்வாய்:
பின்னேரம் அம்மா வைக்கோற்புரி திரித்துக்கொண்டிருந்தா. உள்ளங்கை இறுக இறுகப் புரிகள் நெருங்கின. கை தளர்ந்த இடத்தில் நீண்டு கிடந்தன. குறிப்பில் தேடிய சொல் அதுதான்: ‘றைபிளிங்’ புரி, அப்படி வெட்டிய குழல் ‘புரிகுழல்’. எம்-16 துவக்கில் முதலில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று வந்தது. பிறகு நீண்ட, பாரமான சன்னத்துக்காக 7 அங்குலத்துக்கு ஒன்றாக இறுக்கினார்கள். நீண்ட சன்னம் நிலைகுலையாமல் போக வேகமான சுழற்சி வேண்டும். ஒரு சுற்றின் நீளத்தை ‘புரியிடை’ என்கிறேன். திசைக்கும் சொல் தயாராய் இருக்கிறது: லீ என்பீல்ட் துவக்கு 5 பள்ளத்து இடம்புரி, ரி-56 துவக்கு 4 பள்ளத்து வலம்புரி. சன்னத்தில் பதியும் சாய்ந்த கீறல்களை எண்ணித்தான் துவக்கின் வகையைத் தேடத் தொடங்குகிறார்கள். கூர் விளிம்பில்லாத ‘பல்கோணப் புரி’யில் அந்தக் கீறல் மங்கல்; வாயுக் கசிவு குறைவு என்றாலும் பரிசோதகருக்குப் பாடு. பள்ளத்துக்குச் ‘சால்’, இடைமேட்டுக்கு ‘வரம்பு’ என்று எழுதியிருக்கிறேன்.

வவுனியாவிலிருந்து:
புரிக்கு இணங்குகிறேன். ஆனால் ‘புரிகுழல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது வினைத்தொகை, சுருண்ட கூந்தலாகிவிடும். புரியை உடைய குழல் என்றால் ‘புரிக்குழல்’, க் மிகவேண்டும்.

மாங்குளத்திலிருந்து:
எனக்கும் புரி சம்மதம். ‘றைபிள்’ என்பதை மட்டும் தொடாதீர்கள், பொலிஸ் பதிவில் அப்படித்தான் வருகிறது.

ஒட்டுசுட்டானிலிருந்து:
சரி, புரியே இருக்கட்டும். எனக்கும் நித்திரை வருகிறது.

கிளிநொச்சியிலிருந்து, புதன்:
க் சேர்த்துவிட்டேன், ஐயா. நன்றி.

வவுனியாவிலிருந்து:
சால், வரம்பு இரண்டையும் நான் ஏற்கவில்லை. பள்ளத்துக்குத் ‘தவாளிப்பு’ என்று நம் பாடநூல்களில் இருக்கிறது, பிள்ளைகள் படித்த சொல். வரம்பில் ஆள் நடந்து போகலாம். நீங்கள் சொல்கிற மேடு மயிரிழை உயரம். அச்சுக்குப் போகமுன் அதையாவது மாற்றுங்கள்.