500 சொல்லுக்குள் ஒரு கோர்வை

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் இசைக் கோட்பாட்டில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். சிறு வயதிலிருந்தே மிருதங்கம் கற்றவள். இங்கே வட்டார அளவில் இசைக் கோட்பாட்டு மாநாடுகள் பல நடக்கின்றன. பெரும்பாலும் வசந்த காலத்தில் மாநாடு, என்ன பேசப் போகிறோம் என்று சொல்லும் முன்மொழிவு குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அப்படி ஒன்றுக்கு இரண்டு முறை அனுப்பினேன். முதல் முறை மறுத்துவிட்டார்கள், மறுமுறை எடுத்துக்கொண்டார்கள். அனுப்பப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் முன்மொழிவின் தலைப்பு 'கர்நாடக இசையில் தாளமும் கணக்கும்'. வரம்பு 500 சொல். லகு, திருதம் என்ற தாள உறுப்புகள், சொற்கட்டு (வாயால் சொல்லும் மிருதங்க ஒலிகள்), ஐந்து நடை என்று விளக்கியே 350 சொல் தீர்ந்துவிட்டது. மிச்சத்தில் 'ஆராய்வேன்' என்று மூன்று இடத்தில் இருந்தது. என்ன கண்டேன் என்று ஓரிடத்திலும் இல்லை. நடுவர்களிடமிருந்து இரண்டு வரி வந்தது. வாதம் என்னவென்று தெரியவில்லை என்றது முதல் வரி. இன இசையியல் (பல்வேறு சமூகங்களின் இசையை ஆராயும் துறை) மாநாட்டுக்கு அனுப்பலாமே என்றது இரண்டாவது.

அந்த இரண்டாவது வரி பல நாள் மனதை அரித்தது. ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமானின் தாளத்தை எழுதினால் கோட்பாடு, ஆதி தாளத்தை எழுதினால் வேறு துறையா? இந்தக் கேள்வி துறைக்குள்ளேயே எழுந்ததுதான். 2019 நவம்பரில் கொலம்பஸ் நகரில் நடந்த தேசிய மாநாட்டில், இசைக் கோட்பாடு வெள்ளையர் பார்வைச் சட்டகத்துக்குள் இயங்குகிறது என்று இசைக் கோட்பாட்டாளர் பிலிப் யூவெல் பேசியது பெரிய விவாதமானது. ஆனாலும் முதல் வரியில் நியாயம் இருந்தது.

அடுத்த ஆண்டு ஒரே ஒரு கோர்வையை, அதாவது தாளச் சுற்றின் தொடக்கத்தில் வந்து முடியும்படி கணக்கிட்ட ஒரு சொற்கட்டுத் தொடரை, எடுத்துக்கொண்டேன். ஆதி தாளம், ஒரு ஆவர்த்தனத்துக்கு (சுற்றுக்கு) 8 எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு 4 மாத்திரை. இரண்டு ஆவர்த்தனம், 64 மாத்திரை. பூர்வாங்கம் (முதல் பகுதி) 15 மாத்திரை, மூன்று தடவை: 45. உத்தராங்கம் (பின்பகுதி) ஐந்து மாத்திரை 'ததிகிணதொம்' மூன்று தடவை, இடையில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை (இடைவெளி): 19. கூட்டினால் 64, சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், வந்து விழும். உத்தராங்கம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். இரண்டாவது ஆவர்த்தனத்தில் கை நடுவிரலை (நான்காவது எண்ணிக்கை) எண்ணி, ஒரு மாத்திரை கடந்த பிறகு வாய் 'த' என்கிறது. கையும் வாயும் அங்கே ஒட்டவே ஒட்டாது. கற்கும்போது எனக்குத் தாளம் தவறிய இடமும் அதுதான்.

ஷூமானின் இசையை வைத்து இசைக் கோட்பாட்டாளர் ஹரால்ட் கிரெப்ஸ் தாள முரண் (அடிப்படைத் தாளத்தோடு ஒட்டாத ஓட்டம்) பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பியானோவில் அடிப்படைத் தாளத்தைக் கேட்பவர் காதால்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் கச்சேரியில் அது கையில் தெரிகிறது. சபையில் எத்தனை பேர் தொடையில் தட்டிக்கொண்டிருப்பார்கள்! முரண் எவ்வளவு நீண்டாலும் அடித்தளம் அசையாது. ஆகவே தாள முரணை வரையறுக்கும்போது கையின் கிரியையையும் (தட்டு, விரல் எண்ணிக்கை) சேர்க்க வேண்டும். இதுதான் என் வாதம், இதை மூன்றாவது வாக்கியத்திலேயே வைத்தேன். தாள அடிப்படைக்கு ஒரே வாக்கியம். மற்றதெல்லாம் சொல் கணக்கில் சேராத எடுத்துக்காட்டுப் பக்கத்துக்குப் போயிற்று: 64 கட்டம், மேலே விரல்கள், கீழே சொற்கட்டு.

20 நிமிடப் பேச்சு, 10 நிமிடக் கேள்வி. அறையில் எல்லாரையும் தாளம் போடச் சொல்லிவிட்டுக் கோர்வையைச் சொன்னேன். நடுவில் பலருக்குக் கை தடுமாறியது. சமத்தில் கிட்டத்தட்ட எல்லாக் கையும் ஒன்றாக விழுந்தது.

* * *

அக்கா, உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் வயலின் வாசிப்பவள். போன வாரம்தான் என் முதல் முன்மொழிவை அனுப்பினேன். நடுவர்களுக்குப் பெயர் தெரியக்கூடாது என்று விதி. கோப்பில் எங்கேயும் பெயர் எழுதவில்லை. ஆனால் பிடிஎஃப் பண்புகளில் 'ஆசிரியர்' என்ற இடத்தில் என் முழுப் பெயர் நின்றிருக்கிறது. கடைசி நாளுக்கு முதல் நாள் ஒரு தோழி பார்த்துச் சொன்னதால் மாற்றி அனுப்ப முடிந்தது. ஒலிக்கோப்பின் பெயரையும் பார்த்துவிடுங்கள். அப்புறம் ஒரு சந்தேகம்: நான் எடுத்துக்கொண்ட பாடாந்தரம் (பரம்பரையாக வந்த பாட முறை) என் குருவுடையது. அவர் பெயரைச் சொன்னால் நான் யாரென்று தெரிந்துவிடும், சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்?

* * *

எனக்கும் அதுதான் பெரிய சங்கடமாக இருந்தது, தங்கச்சி. முன்மொழிவில் 'ஒரு மிருதங்க ஆசிரியர் கற்பிக்கும் கோர்வை' என்று மட்டும் எழுதினேன். எழுதும்போது கை கூசியது. ஏற்றுக்கொண்ட கடிதம் வந்த அன்றே என் குருவான சாரை அழைத்துச் சொல்லிவிட்டேன். "கணக்கைச் சரியாச் சொல்லிடும்மா, அது போதும்" என்றார். மாநாட்டில் திரையில் காட்டிய முதல் படத்தில் என் பெயருக்கு மேலே அவர் பெயர்தான் இருந்தது.