ஒரு கன அடிக்கு எத்தனை கிலோ நெல்? பெரியாறு-வைகைத் தண்ணிக்கு யார் கணக்கு சரி?

கடைமடை மேலூர்:
வைகை அணையில தண்ணி திறக்கிற அரசாணையை வச்சுக்கிட்டு ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டேன். பெரியாறு பிரதானக் கால்வாய்ல கள்ளந்திரி ஊர் வரைக்கும் உள்ள இருபோகம் 45,041 ஏக்கர். முதல் போகத்துக்கு 120 நாளைக்கு ஒதுக்குறது 6,739 மில்லியன் கன அடி. கள்ளந்திரிக்குக் கீழ எங்க ஒருபோகம் 85,563 ஏக்கர், திருமங்கலம் கால்வாய் 19,439. ரெண்டும் சேந்து 1,05,002 ஏக்கர். அதே 120 நாளைக்கு ஒதுக்குறது 8,461. ஏக்கருக்கு 43,560 சதுர அடின்னு வகுத்துப் பாருங்க. அங்க வயல் பூரா 3.4 அடி உசரத்துக்குத் தண்ணி, எங்களுக்கு 1.85 அடி.

இப்ப சாட்டிலைட் படத்தை வச்சே எந்த வயல் எம்புட்டுத் தண்ணி குடிச்சுச்சுன்னு அளக்கலாங்கிறாங்க. அளந்து, மடைவாரியா கிலோக் கணக்கோட ஊர்ச் சாவடியில பட்டியல் ஒட்டணும். குறைஞ்ச தண்ணியில கூட விளைவிச்சவனுக்கு அடுத்த வருஷம் தண்ணி விடுறதுல முதல் முறை. யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?

வாடிப்பட்டி வடக்கு:
எனக்கு இருக்கு தம்பி. வகுத்தது சரி, மாசத்தைப் பார்க்கலையே. எங்க இருபோகத்துக்குத் திறக்கிறது ஜூன்ல. ஆடிக்காத்துல கொடியில போட்ட துணி காயிற வேகத்துக்கு வயல் காயும். உங்களுக்குத் திறந்து நாத்துப் பாவி நடுறதுக்குள்ள ஐப்பசி மழை வந்து நிக்கும். வானத்துல இருந்து விழுகிறதுக்கு அரசாணை இல்ல, அதனால உங்க 1.85 அடியில அது சேரல.

அப்புறம் எங்க வயல்ல வழியிறது வீணுன்னு யார் சொன்னது? வடிஞ்சு கீழ்க்கண்மாய்க்குப் போகுது. அது மறுகால் பாஞ்சா அடுத்த கண்மாய்.

கடைமடை மேலூர்:
அடுத்த கண்மாய், அதுக்கடுத்த கண்மாய், கடைசில வைகை. அந்தத் தண்ணி திருப்புவனத்துக்காரருக்கு ஆகும்ணே. என் ஷட்டருக்கு ஏறி வராது. வீணா இல்லையான்னு கேட்டா, யாருக்குன்னும் சேத்துச் சொல்லணும்.

ஓய்வு எஞ்சினியர்:
ரெண்டு பேரும் வேற வேற தண்ணியை அளக்குறீங்க. 3.4 அடிங்கிறது அணை மதகுல விட்டது. அங்கிருந்து கால்வாய் பிரியிற பேரணை வரைக்கும் ஆத்து மணல் ஒரு பங்கு குடிக்கும். அப்புறம் பிரதானக் கால்வாய், கிளை, வாய்க்கால், வாய்மடை. வயலுக்கு வந்து சேந்ததுலயும் பயிரும் வெயிலும் ஆவியாக்குறது நாளைக்கு 5, 6 மில்லிமீட்டர், 120 நாளைக்கு ரெண்டடிக்கு முன்னப்பின்ன. திரும்பி வராத தண்ணின்னா அதுதான். மிச்சத்துல கொஞ்சம் கிணத்துக்கு இறங்கும், கொஞ்சம் வடிகால்ல ஓடும். வயல் அளவுல பார்த்தா அது நட்டம். ஆத்துப்படுகை முழுசுக்கும் கோடு போட்டுப் பார்த்தா பெரும்பாலும் கை மாறுது, அவ்வளவுதான். ஆனா மேலூர்த் தம்பி சொன்னதுலயும் விஷயம் இருக்கு. அவங்க பக்கத்து வடிகால் பெரும்பாலும் வைகைக்குத் திரும்புறதே இல்ல, கிழக்கே சிவகங்கைப் பக்கம் போயிருது. இந்தத் தண்ணியே மேற்கே ஓட வேண்டிய பெரியாறுதானே, 1895ல மலையைக் குடைஞ்சு நம்ம பக்கம் திருப்பினது. எந்தக் கோட்டுக்குள்ள கணக்குப் போடுறோம்கிறதை முதல்ல முடிவு பண்ணணும்.

சாட்டிலைட்டுக்கு வர்றேன். அது தண்ணியை அளக்குறதில்ல, சூட்டை அளக்குது. ஆவியாகிற வயல் குளுந்திருக்கும், காஞ்ச வயல் சுடும். அதுல இருந்து பின்னோக்கிக் கணக்கு. லேண்ட்சாட்ங்கிற அமெரிக்க சாட்டிலைட் ஒண்ணு 16 நாளைக்கு ஒருக்க வரும். ரெண்டு சுத்துறதால 8 நாள். வெப்பப் படத்துல ஒரு புள்ளி நூறு மீட்டருக்கு நூறு மீட்டர், அதாவது ரெண்டரை ஏக்கர். நம்ம ஊர்ல அந்த ஒரு புள்ளிக்குள்ள நாலு பேர் வயல், ஒரு தென்னந்தோப்பு, ஒரு களம் எல்லாம் அடங்கிரும். ஐப்பசி, கார்த்திகையில மேகம் மூடிட்டா மேலூர்ல அதுக்கு என்ன தெரியும்? தாலுகா அளவுக்கு நம்பலாம். மடைவாரிப் பட்டியல் ஒட்டினா அடிதடிதான்.

சோழவந்தான் கொடிக்கால்:
எல்லாரும் ஷட்டரையே பேசுறீங்க, போர்வெல்லை விட்டுட்டீங்க. 1990ல இருந்து விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம். யாரு எத்தனை மணி நேரம் ஓட்டுறாங்கன்னு பெரும்பாலும் ஏட்டுலயே இல்ல.

சொட்டுநீர் போட்டா மிச்சம்ங்கிறாங்க. எங்க பக்கத்துத் தோப்புக்காரர் மானியத்துல போட்டார். மிச்சமும் ஆச்சு. அந்த மிச்சத்துல இன்னும் ரெண்டு ஏக்கர் தென்னை வச்சார். மோட்டார் சத்தம் முன்னாடி மாதிரியே வெள்ளனே அஞ்சு மணிக்கு ஆரம்பிக்குது. அவர் திறமை கூடிருச்சு, என் வெத்தலைக் கொடிக்கால் கிணறு இறங்கிருச்சு. இவருக்குப் பட்டியல்ல முதல் இடம் குடுப்பீங்களா?

பரமக்குடிக்காரன்:
வைகை ஆத்துத் தண்ணியில ராமநாதபுரத்துக்கு 7 பங்கு, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2. இதை யாரும் எடுக்கலையேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். கிலோவுல அளந்தா நெல்லுக்காரங்க முந்துவீங்க. ரூபாயில அளங்க, எங்க குண்டு மிளகாய் எங்க நிக்குதுன்னு பாப்போம். எதை வச்சு அளக்கிறதுன்னு முடிவு பண்ணும்போதே யாருக்குத் தண்ணிங்கிறதும் பாதி முடிவாயிருது.

கடைமடை மேலூர்:
இப்படியே ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி அளக்காமலே விட்டா யாருக்கு லாபம்? மேல இருக்கவனுக்கு. மதகு திறந்து விடுற லஸ்கர் குச்சியை விட்டுப் பார்த்து "அரை ஆள்"னு சொல்றதுதான் இன்னைக்கு எங்க அளவு. அதைவிட மோசமான அளவுகோலை எஞ்சினியர் சாரால காட்ட முடியாது.

வாடிப்பட்டி வடக்கு:
சரி, அளந்துட்டீங்கன்னு வைங்க. தண்ணி குறைச்சலா வாங்குறவன் எப்பவும் திறமைசாலியாத்தான் தெரிவான், அது திறமை இல்ல, பஞ்சம். ஒரு வருஷம் பயிர் கருகினா அதே நீங்க பட்டியல்ல கடைசி. அப்ப முறையையும் பிடுங்கிருவாங்களா?

ஓய்வு எஞ்சினியர்:
இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. வயல் மட்டத்துல ஒரு வழி மட்டும் சொல்றேன். ஒரு அடி பிளாஸ்டிக் குழாய், கீழ்ப்பாதியில சுத்தித் துளை போட்டு வயல்ல பதிங்க. உள்ள தண்ணி மண் மட்டத்துல இருந்து 15 சென்டிமீட்டர் இறங்கின பிறகு பாய்ச்சுங்க. பூக்கிற நேரத்துல மட்டும் காய விடக்கூடாது. நம்ம பெரியவங்க சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும்தான் இது, கையில ஒரு அளவு சேருது.

வாடிப்பட்டி வடக்கு:
சார், 45 நாள் முழுசா விட்டுட்டு அப்புறம் 75 நாள் முறை வச்சு விடுறாங்க. குழாய்ல இன்னும் இறங்கலேன்னு நான் வாய்மடையை அடைச்சா, இறங்குற அன்னைக்கு வாய்க்கால்ல தண்ணி இருக்காது. அதனாலதான் வரப்பு தளும்பத் தளும்பக் கட்டி வைக்கிறோம். அடுத்த முறை இந்தத் தேதியில நிச்சயம் வரும்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, நாளைக்கே குழாய் பதிக்கிறேன். மேல இருக்கவனைப் பேராசைக்காரன்னு சொல்லிட்டுப் போறது லேசு.

கடைமடை மேலூர்:
தேதி எங்களுக்கும் தெரியாதுண்ணே. இது ஒண்ணுல நாம ஒரே கட்சி. ஆனா 3.4 அடியை நான் விடல.

வாடிப்பட்டி வடக்கு: (மூணு வாரம் கழிச்சு)
எழுதிக் குடுக்கல, நானே ஒரு குழாய் பதிச்சேன், வடக்கு மூலைச் செய்யில மட்டும். முறை நின்ன நாலாம் நாள் பார்த்தேன், மண்ணுக்குக் கீழ ஒரு விரல் நீளம்தான் இறங்கியிருந்துச்சு. அதுவரைக்கும் நான் ரெண்டாம் நாளே வயல் காஞ்சிருச்சுன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்தவன். கயிறுல முடிச்சுப் போட்டுக் கிணத்தையும் அளந்தேன். தண்ணி திறந்ததுல இருந்து ஒன்றரை அடி ஏறியிருக்கு. அது யார் வயல் தண்ணின்னு எஞ்சினியர் சார்தான் சொல்லணும்.

கடைமடை மேலூர்:
அந்த முடிச்சுக் கயிறைப் பத்திரமா வைங்க. எங்களுக்கு இன்னும் திறக்கல. குழாய் வாங்கித் திண்ணையில கிடக்கு.